எடையைக் குறைச்சுட்டு வாம்மா

பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லும் பிரச்சினை, இருக்கிற பெண்ணுக்குச் சென்னையில் அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் மட்டும் கழற்சிக்காய், கருஞ்சீரகம், சோற்றுக்கற்றாழை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டாக்டர் சொன்னது ஒரே வரி: "எடையைக் குறைச்சுட்டு வாம்மா, கரு தானா தங்கும்." எத்தனை கிலோ, எப்படி, எவ்வளவு நாளைக்குள் என்று வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அது. இப்போது வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். அந்த ஒரு வரியில் எது உண்மை, எது பாதி உண்மை என்று எழுதி வைக்கிறேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த அத்தை, "கட்டின்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" என்று கேட்டார். எடுக்க அங்கே எதுவும் இல்லை. அவை வளர்ச்சி பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். ஏன் நிற்கிறது என்பதுதான் விஷயம். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. ஆண் ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் சுரப்பதும் குறைகிறது. முட்டை முதிராமல், வெடிக்காமல் அப்படியே நிற்கிறது. நான் காலேஜ் படிக்கும்போது என் பின்கழுத்துக் கறுப்பைக் கடலைமாவு போட்டுத் தேய்ப்பார் அம்மா. அந்தக் கறுப்பும் பெரும்பாலும் இந்த இன்சுலின் பார்க்கிற வேலைதான்.

இதையெல்லாம் எனக்குப் படம் போட்டுச் சொன்னவர் இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா. என் எடை அப்போது 71 கிலோ. "அம்பத்தஞ்சுக்கு வரணும்னு நான் சொல்லல. அஞ்சுலேர்ந்து பத்து சதவீதம் குறைஞ்சாலே பலருக்கு முட்டை வெடிக்க ஆரம்பிக்கும்" என்றார். அதாவது நாலிலிருந்து ஏழு கிலோ. எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சிக்குத் தனியாகப் பலன் உண்டு, வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு தினமும் மெஷினில் ஏறி நின்று அழுவதை விட்டேன்.

அன்றைக்கே அவர் என் வீட்டுக்காரருக்கும் விந்தணு டெஸ்ட் எழுதினார். இவ்வளவு நாள் யாரும் எழுதவில்லை! பெண்ணுக்கு பி.சி.ஓ.எஸ். என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டால் ஆண் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் இரண்டு வாரம் சாக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். ரிப்போர்ட் நார்மல். நார்மலோ இல்லையோ, முதல் மாதமே எடுக்க வேண்டிய டெஸ்ட் அது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மதியம் என்றால் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மூன்று சுற்று. நான் ஓ.எம்.ஆரில் ராத்திரி ஷிப்ட். ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து, மூடி வைத்திருக்கும் தோசையைத் தின்றுவிட்டுப் படுப்பேன். டீயில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே பிஸ்கட். டாக்டரம்மா சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் இந்த நோய்க்கு என்று எந்தத் தனி டயட்டும் மற்றதைவிட உசத்தி இல்லை என்றே சொல்கிறது. கீட்டோ, பேலியோ விற்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். சோறு ஒரு சுற்றாகக் குறைந்தது. தட்டில் பாதி பொரியலும் கூட்டும். கூடவே முட்டையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ. அத்தை அதற்குள் சிறுதானியம் கேள்விப்பட்டு, தினமும் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"சோறே இல்லாம இது என்னம்மா சாப்பாடு?" என்று கேட்டவர், எனக்கு மட்டும் தனியாகச் சமைக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. நாலு பேருக்கும் ஒரே சமையல். எனக்கு நாலு கிலோ இறங்குவதற்குள் வீட்டுக்காரருக்கு ஆறு இறங்கியது, அநியாயம்! ஆனால் ஒரு மருமகள் மட்டும் மூலையில் உட்கார்ந்து ஓட்ஸ் தின்கிற வீட்டில் இது மூன்று மாதம்கூடத் தாங்காது என்பது என் கட்சி. பகல் ஷிப்டுக்கு மாறியதும் அப்போதுதான். சம்பளத்தில் ராத்திரிப் படி போனது, தூக்கம் வந்தது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது கணக்கு. மடிப்பாக்கத்தில் நடைபாதை எங்கே இருக்கிறது? நாய், குழி, ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு வடாம் துணியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெசன்ட் நகர் பீச். தசைக்கு ஜிம் பணம் கட்டவில்லை, தோப்புக்கரணம்தான். பிள்ளையார் முன்னால் போடுவதைப் பார்த்து அத்தைக்குப் பரம திருப்தி. தொடைக்கு நல்லது என்று நான் விளக்கவில்லை.

66 கிலோவுக்கு வந்தபோது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்த பீரியட்ஸ் ஏறக்குறைய ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தது. ஆனால் தங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் குறைச்சா தங்கிடும்" என்று சொந்தத்தில் எல்லோரும் சொன்னார்கள். டாக்டரம்மா சொல்லவில்லை. நெதர்லாந்தில் 577 பெண்களை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. உடல் பருமனோடு குழந்தைக்குக் காத்திருந்தவர்கள், பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் மட்டுமல்ல. ஆறு மாதம் வாழ்க்கைமுறைப் பயிற்சி முடித்துவிட்டுச் சிகிச்சைக்குப் போனவர்களில் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். ஆனால் இரண்டு வருஷ முடிவில் நிறைமாதத்தில் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தையை சுகப்பிரசவத்தில் பெற்றவர்கள் அதில் 27.1 சதவீதம், உடனே சிகிச்சை தொடங்கியவர்களில் 35.2. உடம்பை மாற்றுவது வேண்டும், அதற்காகச் சிகிச்சையை வாசலில் நிறுத்திவைக்கக் கூடாது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். வயது நமக்காக நிற்காது.

அப்படித்தான் டாக்டரம்மா, முட்டையை வளர்த்து வெடிக்க வைக்கும் லெட்ரோசோல் மாத்திரையை எழுதினார். ஆட்டோவில் வரும்போது அட்டையோடு வந்த காகிதத்தை வீட்டுக்காரர் படித்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று போட்டிருந்தது. அதற்காக வந்த மருந்துதான். இந்தியாவில் 2011இல் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு இதைத் தடைசெய்து, 2017இல் தடையை நீக்கினார்கள். நடுவில், 2014இல், பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு வெளியானது. லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, இதே வேலைக்கான பழைய மாத்திரை குளோமிஃபீனில் 19.1. இன்று முதலில் கொடுப்பது லெட்ரோசோல்தான். ஃபோலிக் ஆசிட் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் கரு தங்கியது.

தங்கிவிட்டால் பி.சி.ஓ.எஸ். கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் நமக்கு வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் சர்க்கரை. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை என்ற இந்த ஒற்றை டெஸ்ட் பரவ உழைத்தவர் நம்ம சென்னை டாக்டர் வி. சேஷையா. முதல் தடவை தப்பித்தேன். ஆறாம் மாதம் 148.

அதற்கடுத்த மாதம் வளைகாப்பு. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று அண்டா அண்டாவாகக் கலந்த சாதம், எல்லோரும் வாயில் ஊட்ட வருகிறார்கள். நான் எதையும் சொல்லவில்லை. அத்தைதான் சபையில் சத்தமாக, "அவளுக்கு சுகர், ஆளுக்கு ஒரு வாய்தான்" என்றார். ஊசி இல்லாமல் சாப்பாட்டிலேயே கட்டுக்குள் வந்தது. பிரசவம் ஆகி ஆறு வாரத்தில் மறுபடி எடுத்த டெஸ்ட் நார்மல். இந்த டெஸ்டைப் பலபேர் கைக்குழந்தை சாக்கில் விட்டுவிடுகிறார்கள். பின்னால் நிரந்தரமாகச் சர்க்கரை வரும் அபாயம் நமக்கு உண்டு, விடாதீர்கள்.

இப்போது என் நாத்தனாருக்கு இருபத்து மூணு வயது. வருஷத்துக்கு மூன்று தடவைதான் பீரியட்ஸ். "கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் அத்தை. நாலு தடவைக்கும் குறைந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும், நாளைக்கு அதுவே பெரிய தொந்தரவாகும் என்று அத்தையிடம் சொல்லி, வரும் சனிக்கிழமைக்கு டாக்டரம்மாவிடம் டோக்கன் போட்டிருக்கிறேன். அத்தையும் வருகிறாராம்.