வெறும் செக்கும் ஒரு வரவு நோட்டும்

கடன் வாங்கினவனுக்கு உரிமை என்று ஒன்று உண்டா என்று கேட்டால் எங்கள் மதுரை வில்லாபுரத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். வாங்கினால் கட்டணும், கட்டலைன்னா பேச்சுக் கேட்கணும். கட்டவேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எவ்வளவு கட்டணும், அதை வந்து கேட்கிற அதிகாரம் யாருக்கு, எந்தத் தாளை வைத்துக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. அதைத் தெரிந்துகொண்ட கதை இது.

என் வீட்டுக்காரர் குட்டி யானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, ஓட்டுகிறார். விடியற்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, கடை கடையாக இறக்கும் வேலை. நான் வீட்டிலேயே தையல். வண்டிக்கு எஞ்சின் வேலை வந்தபோது தெரிந்த பைனான்ஸ்காரர் ஒருவரிடம் ஒன்றரை லட்சம் வாங்கினோம். 5 வட்டி. முதல் மாத வட்டி 7,500-ஐப் பிடித்துக்கொண்டு 1,42,500 கையில் கொடுத்தார். ஈடாக வண்டியின் ஆர்.சி. புக், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டு, என் கணக்கிலிருந்து ஒரு செக். செக்கில் என் கையெழுத்து மட்டும்தான். தேதி, தொகை எதுவும் கிடையாது. இந்தப் பக்கம் வெறும் செக் கேட்காத பைனான்ஸை நான் பார்த்ததில்லை.

ஒரு வருஷத்துக்கும் மேல் வட்டி தவறாமல் போனது. இடையில் அசலிலும் 40,000 கழித்தோம். அப்புறம் ரிங் ரோட்டில் ஒரு பைக்காரனுக்காக ஒதுங்கப்போய் இவருக்குக் கால் உடைந்தது. வண்டி நின்றது, வட்டியும் நின்றது. முதலில் போன், பிறகு வாசலில் இரண்டு பையன்கள். தெருவே கேட்கிற மாதிரிப் பேசுவார்கள். வயசுக்கு வந்த பிள்ளை இருக்கிற வீடு. அதற்கும் நாங்கள் அசையாததால், ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மோசடிப் புகார் வந்திருக்கு, இரண்டு பேரும் வாங்க என்றார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம்.

என் மாமா மகன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவனுக்குப் போன் போட்டேன். "அத்தாச்சி, போறதுன்னா போங்க. போனதும் சி.எஸ்.ஆர். நம்பர் என்னன்னு கேளுங்க. எழுதித் தரச் சொன்னா எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. மத்தத அப்புறம் பேசுவோம்" என்றான். சி.எஸ்.ஆர். என்றால் புகாருக்குக் கொடுக்கிற மனு ரசீது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அங்கே பைனான்ஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் நின்றோம். ரைட்டர், "ஏம்மா, வாங்குன காசக் கட்ட வேண்டியதுதான?" என்று ஆரம்பித்தார். "கட்டுறோம் சார். சி.எஸ்.ஆர். நம்பர் சொன்னீங்கன்னா குறிச்சுக்கிறேன்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். "அதெல்லாம் இன்னும் போடலம்மா. பேசி விடலாம்னுதான் கூப்பிட்டது." ஒரு வெள்ளைத்தாள் தயாராக இருந்தது. 2,60,000 பாக்கி, இன்ன தேதிக்குள் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுக்கணுமாம். வக்கீலைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று சொன்னேன். சத்தம் கொஞ்சம் போட்டார்கள். பிறகு, சரி போங்க என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது.

புகார் கொடுத்தால் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., போட்டிருக்க வேண்டும், வழக்கென்றால் எஃப்.ஐ.ஆர். இரண்டும் இல்லாமல் கூப்பிடுவது கட்டப் பஞ்சாயத்துதான். கடன் பாக்கியை வசூலித்துக் கொடுக்கிற வேலை போலீசுக்குக் கிடையாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. வாங்கிவிட்டு முடியாமல் போவது சிவில் விவகாரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, வழக்கு விசாரணைக்குச் சாட்சியாக அழைத்தாலும் எழுத்து உத்தரவு வேண்டும். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், அவர்களாக வர விரும்பினால் தவிர. இதெல்லாம் எனக்குப் பிறகு இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது சி.எஸ்.ஆர். என்கிற மூன்றெழுத்து மட்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு? மேலூர் ரோட்டில் மாவட்டக் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே போங்கள் என்று குமாஸ்தாத் தம்பிதான் சொன்னான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. செக் என் பெயரில் இருந்ததால் மனு என் பெயரிலேயே போட்டேன். ஆதார் நகல், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதின மனு, ஒரு படிவம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

அங்கே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர்களின் கதையைக் கேட்பதே ஒரு படிப்பு. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, புருஷன் கோயம்புத்தூரில், ஜீவனாம்சத்துக்கு அங்கேதான் போகணுமோ என்று பயந்துகொண்டு வந்திருந்தாள். வேண்டியதில்லை, அவள் இருக்கிற ஊரிலேயே போடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு பையனுக்கு வீட்டு ஓனர் தண்ணீர் மோட்டார் லைனைப் பிடுங்கிவிட்டாராம். வாடகைத் தகராறு எதுவானாலும் தண்ணீர், கரண்டை நிறுத்தக்கூடாது என்று 2017 வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் வாடகை வீட்டில் குடியிருந்த காலமெல்லாம் ஓனர் கையில்தான் கரண்டு இருக்கிறது என்று நம்பி வாழ்ந்தோம்.

இதற்குள் பைனான்ஸ்காரர் செக்கை நிரப்பி பேங்கில் போட்டுவிட்டார். 2,50,000. கணக்கில் பணமில்லை என்று திரும்பி, வக்கீல் நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்காதே, திருப்பி அனுப்பு என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். சரியான விலாசத்துக்கு வந்ததை வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். பதில் சொல்கிற வாய்ப்பு போனதுதான் மிச்சமாகும். வாங்கினேன். செக் திரும்பின விவரம் தெரிந்து 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் விடணும், அது நம் கைக்கு வந்து 15 நாள் நமக்கு அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் அவர்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் போடணும். இந்தக் கணக்கில் போலீஸ் எங்கேயும் வருவதில்லை.

வெறும் செக்தானே கொடுத்தோம், அதை அவர்தானே எழுதினார் என்பது பெரிய பாயிண்ட் என்று நினைத்திருந்தேன். வக்கீலம்மா உதட்டைப் பிதுக்கினார். கையெழுத்துப் போட்டு விரும்பிக் கொடுத்த செக்கை வாங்கினவர் நிரப்பிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமே 2019-இல் சொல்லியிருக்கிறதாம். "கட்டினதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

வரவு நோட்டு இருந்தது. சட்டைப் பையில் வைக்கிற சைஸ், டீக்கறை, ரப்பர் பேண்டு. மாதாமாதம் பைனான்ஸ்காரரே தன் கையால் தேதி போட்டு, "வ. 7,500" என்று எழுதிச் சுழித்திருப்பார். நாலு இடத்தில் மட்டும் "அ. 10,000". வ என்றால் வட்டி, அ என்றால் அசல். வக்கீலம்மா அந்த நாலு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேங்கில் ஸ்டேட்மென்ட் வாங்கி வரச் சொன்னார். ஜிபே போன தேதியும் நோட்டுத் தேதியும் ஒத்துப்போயின. செக் கொடுத்த பிறகு ஒரு பகுதியைக் கட்டியிருந்து, அதைக் கழிக்காமல், உண்மையான பாக்கிக்கு மேல் செக்கை நிரப்பிப் போட்டால் செக் திரும்பியதற்கான குற்றப்பிரிவு நிற்காது என்று 2022-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அவர் கையெழுத்தே அவருக்கு எதிராக நின்றது. பதில் நோட்டீஸ் அதை வைத்துத்தான் போனது.

கந்துவட்டிப் புகார் கொடுக்கலாமா என்றும் பேசினோம். 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் கந்துவட்டி, மீட்டர்வட்டி, தினவட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். கொடுத்திருக்கலாம். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆள், அவசரத்துக்குக் கொடுத்தவர். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பதில் நோட்டீசில் அந்தச் சட்டத்தின் பெயர் ஒரு வரியில் இருந்ததும், வாசலுக்கு வந்த பையன்கள் வருவது நின்றது.

அவர்கள் கேஸ் போடும் முன்பே லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், மனு கொடுத்தோம். கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பு வரணும் என்று கட்டாயமும் இல்லை, ஆனால் வந்தார். ஒரு சனிக்கிழமை, பெரிய ஹாலில் மேசை மேசையாக விபத்து இழப்பீடு, பேங்க் கடன் என்று ஒரே இரைச்சல். எங்கள் மேசையில் ஒரு நீதிபதியும் ஒரு வக்கீலும். பைனான்ஸ்காரர் 1,80,000-இல் ஆரம்பித்தார். நோட்டை எடுத்து வைத்ததும் 1,10,000-க்கு வந்தார். கடைசியில் 75,000, மாதம் 7,500 வீதம் பத்துத் தவணை. அங்கே கையெழுத்தான தீர்வு சிவில் கோர்ட் டிக்ரி மாதிரி, மேல்முறையீடு கிடையாது. அதனால் கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். செக் நம்பர், புரோநோட்டுத் தேதி, பணம் போகவேண்டிய பேங்க் கணக்கு எல்லாவற்றையும் எழுத வைத்தவர் வக்கீலம்மா. செக்கும் ஆர்.சி. புக்கும் அன்றே கைக்கு வந்தன. புரோநோட்டு கடைசித் தவணைக்கு.

வழக்கு நடத்தியிருந்தால் 75-கூடக் கட்டவேண்டி இருந்திருக்காது என்று தம்பி இப்போதும் சொல்கிறான். இருக்கலாம். வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்தால் வண்டி யார் ஓட்டுவது?

ஆர்.சி. வந்த கையோடு வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுத்தோம். தவணை இன்னும் நாலு பாக்கி. எதுக்கும்மா பேங்க்ல போட்டுக்கிட்டு, கையில குடுத்துருங்களேன் என்று பைனான்ஸ்காரர் போன மாசம்கூடக் கேட்டார். தீர்வில் அக்கவுண்ட் நம்பர் இருக்குண்ணே, அதிலேயே போட்டுடறேன் என்று சொல்லிவிட்டேன்.