மோட்டார் ஹோமுக்கு நாலு ஷாக்

பழைய ஃபோர்ட் ஈ-450 மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வண்டி) ஒன்றை வாங்கி இரண்டு கோடை ஓடிவிட்டது. போன மாதம் அல்கொன்குவின் பூங்காவிலிருந்து டொராண்டோ திரும்பும்போது, பாலத்து இணைப்பில் ஒருமுறை குதித்தால் மூன்றுமுறை ஆடியது. அலுமாரிக்குள் கோப்பைகள் கச்சேரி! கீழே படுத்துப் பார்த்தால், பின்பக்க ஷாக்கில், அதாவது குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பரில், எண்ணெய் கசிந்து, தூசி கறுப்புக் களியாக அப்பியிருந்தது.

புதிய ஷாக் தேடினேன். கோனி கம்பெனியின் விலையைப் பார்த்ததும் ஃபோனை மூடிவிட்டேன். பில்ஸ்டீன் கம்பெனியுடையது ஒற்றைக்குழாய் வகை; நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் பிடி எளிதில் தளராது. ஆனால் வருடத்தில் நாலு பயணம் போகிற எனக்கு அது ஆடம்பரம். மன்ரோ கம்பெனியில் மோட்டார் ஹோமுக்கென்றே வருகிற தடித்த வகையில் நாலு எடுத்தேன். சாதாரண வான் வண்டிக்கு உள்ளதை மலிவென்று மாட்டினால் இந்தப் பாரத்துக்கு அது பஞ்சு மாதிரி.

"இதைப் போட்டால் வண்டி கொஞ்சம் உயருமோ?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை.

"இல்லை அண்ணை, பாரம் தாங்குவது ஸ்பிரிங். இது ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான்."

முதல்நாள் இரவே துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் அடித்து வைத்தும் ஒன்று அசையவில்லை, கிரைண்டரால் அறுத்தோம். புதிய ஷாக்கை அமுக்கிப் பட்டி கட்டித்தான் அனுப்புகிறார்கள். மேல்முனையை மாட்டிவிட்டுப் பட்டியை வெட்டினால், வாயு அழுத்தத்தில் தண்டு தானாகவே மெல்ல இறங்கி வருகிறது. அண்ணை அதை வீடியோ எடுத்தார்.

இப்போது குதிப்பு நின்றுவிட்டது. ட்ரக் கடக்கும்போது பக்கவாட்டில் தள்ளுவது மட்டும் இன்னும் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை, வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பார் கம்பியின் ரப்பரை மாற்ற வேண்டும்.