தாத்தாவின் ரைஃபிளுக்கு மேக்கர் தேடிய கதை

அப்பா இறந்த பிறகு தாத்தாவின் ரைஃபிளை என் லைசென்ஸுக்கு மாற்ற அலைந்தேன். வாரிசுச் சான்றிதழ், தங்கையின் சம்மதக் கடிதம் எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. இழுத்தடித்தது படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான்: தயாரிப்பாளர் பெயர்.

அப்பாவின் லைசென்ஸில் 'இங்கிலீஷ் மேக்' என்று மட்டும் இருந்தது. "கம்பெனி பேர் இல்லாம எடுக்க முடியாது சார், டீலர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்று கிளார்க் ஃபைலைத் திருப்பித் தள்ளினார். ராயபுரத்திலிருந்து மூன்றாவது தடவையாகப் போயிருந்தேன். அழுகையே வந்துவிட்டது.

துப்பாக்கி டீலரிடம் டெபாசிட்டில் இருந்தது. ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதி) மவுசர் என்று பொறித்திருந்ததால் அதையே எழுதித் தருகிறேன் என்றார் அவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மவுசர் ஆக்‌ஷனை மட்டும் வாங்கி, தங்கள் பேரலும் மரக்கட்டையும் பொருத்தி விற்ற பட்டறைகள் அந்தக் காலத்தில் ஏராளம். பேரலின் மேலே இருந்த மதராஸ் முகவரியோ விற்ற கடையினுடையது. இதற்குள் கடைப் பையன் துருவைத் தேய்க்க எமரி பேப்பரோடு வந்துவிட்டான். நல்லவேளை, கையைப் பிடித்துத் தடுத்தேன். தயவுசெய்து யாரையும் தேய்க்க விடாதீர்கள். உலோகத்தில் அடித்த முத்திரை போனால் எல்லாம் போச்சு.

வழி சொன்னவர் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டர்னராக இருந்த தண்டையார்பேட்டை மாமா. "கட்டையைக் கழட்டிப் பாருடா, விஷயமெல்லாம் அடியிலதான் இருக்கும்." டீலரின் மெக்கானிக், திருகுக் காடிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் தேடி எடுத்துக் கழற்றினார். பேரலின் அடியில் டால்கம் பவுடரைத் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தோம். எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. மாமா என் தோளைத் தட்டினார்.

'எஸ்டி.எம்.ஜி.' என்று ஒரு வரி. அதுதான் மேக்கரின் இனிஷியல் என்று நம்பி இரண்டு வாரம் தேடி வீணாக்கினேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்: எஃகு உறை போட்ட தோட்டா என்பதன் ஜெர்மன் சுருக்கம் அது. பக்கத்தில் இருந்த கிராம் கணக்கு, வெடிமருந்தின் எடை. கிரீடத்தின் கீழ் 'என்' என்பது புகையில்லா வெடிமருந்தால் சுட்டுத் துப்பாக்கியின் பலத்தைச் சோதித்ததற்கான ஜெர்மன் முத்திரை. '5 27' என்பது சோதித்த மாதமும் வருடமும். அதோடு 'நாட் இங்கிலீஷ் மேக்' என்றும் தெளிவாக அடித்திருந்தது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இங்கிலாந்தில் மறுபடி சோதித்தபோது 1925 முதல் போட்ட முத்திரை அது. ஆக, ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்து வழியாக மதராஸுக்கு வந்திருக்கிறது.

பட்டறையின் பெயர் எங்கும் இல்லை. முத்திரைகளின் படங்களை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, டீலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான்காவது தடவை போனேன். கிளார்க் இரண்டு முறை படித்தார். அப்புறம் அந்தக் கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார்: 'ஜெர்மன், 1927, மேக்கர் பெயர் பொறிக்கப்படவில்லை.'