காலைக் காணோம்

செக்கிங் டேபிளில் ஆயிரம் பனியனைக் கொட்டினாலும் எம், எல், எக்ஸ்எல் என்று லேபிளைப் பார்த்துச் சட்டுச் சட்டென்று பிரித்து அடுக்கிவிடுவார்கள். திருப்பூரில் பல வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவன் நான். அந்தப் பெண்களில் சிலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சனிக்கிழமை சம்பளப் பதிவேட்டில் அவர்கள் கைநாட்டு வைப்பதற்கு மைப்பெட்டியை நீட்டியவனும் நான்தான்.

2022-இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 200 மணி நேரப் படிப்பு. ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளி வராந்தாவில் சொல்லிக்கொடுக்க நானும் பெயர் கொடுத்தேன். சம்பளம் கிடையாது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு எட்டரைக்கு மேல் யார் வருவார்கள்? பெரும்பாலும் ஞாயிறுதான்.

அ, ஆ என்று ஆரம்பித்தேன். நான்காவது வகுப்பில் பாதிப்பேரைக் காணோம். எங்கள் கம்பெனி அக்கா ஒருவர் மட்டும் விடாமல் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். “ஆடு, இலையெல்லாம் இருக்கட்டுந் தம்பி, எம் பேர மொதல்ல எழுதிக் காட்டுங்க” என்றார்.

அவர் பெயர் ‘பொ’வில் தொடங்கும். கொங்கு நாட்டில் ‘பொன்’னில் தொடங்கும் பெயருக்கா பஞ்சம்! கொம்பு போட்டு, ‘ப’ எழுதி, கால் இழுத்தேன். அக்கா வாயைக் குவித்துச் சொல்லிப் பார்த்தார்.

“ஏந் தம்பி, வாயி மொதல்ல ‘ப்’புங்குது. கையி எதுக்குக் கொம்ப மொதல்ல போடுது?”

நான் முழித்தேன். ஒரே ஒலியை இரண்டு துண்டாக்கி எழுத்துக்கு முன்னும் பின்னும் வைக்கிறோம் என்பதையே அன்றைக்குத்தான் யோசித்தேன். சின்ன வயதில் படித்தவனுக்கு அது கண்ணில் படாது. பேச்சு நன்றாகப் பழகிய பிறகு எழுத்துக்கு வருகிறவர்தான் இடறுவார், இடறினால் கேட்பார்.

அடுத்த வாரம் கோயில் உபயக் கல்லில் ‘ணா’ இருக்கும் இடத்தில் ஏதோ சுழி இருக்கிறது என்று வந்து நின்றார். பழைய எழுத்துங்க்கா, 1978-இல் அரசாங்கம் மாற்றியது, நம்ம ஈரோட்டுப் பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ பத்திரிகையில் புது மாதிரி அச்சடித்துவிட்டார் என்றேன். “அப்பவே இந்தக் கொம்பையும் ஒழுங்கு பண்ணியிருக்கலாமுங்கல்ல?”

கையெழுத்துப் போடப் பழக மூன்று மாதம் ஆனது. அந்தச் சனிக்கிழமை மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்டார். பதிவேட்டில் தன் பெயரின் மேல் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். முதல் எழுத்திலேயே விரல் நின்றுவிட்டது.

“தம்பி, இதுல காலக் காணமுங்க.”

‘பெ’ என்றிருந்தது. என் கையெழுத்துதான். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். வாரா வாரம் அதே ‘பெ’, பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நீங்களே போடுங்க்கா” என்றேன்.

போட்டார். கொஞ்சம் நீளமாகவே.