நேமோர் மேல் கோபம் வரவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனோடு உட்கார்ந்து 'பிளாக் பாந்தர்: வகாண்டா ஃபாரெவர்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2022 நவம்பரில் தியேட்டரில் பார்த்தபோது பாதி நேரம் அழுதுகொண்டிருந்தேன். படம் மனசில் சரியாக நிற்கவே இல்லை. 2018-இல் முதல் பாகத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனது அண்ணன்தான். இரண்டாம் பாகம் வந்தபோது அண்ணன் இல்லை. திரையில், வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் இளவரசி ஷூரிக்கும் அண்ணன் இல்லை. அவள் அண்ணனாக, மன்னன் பிளாக் பாந்தராக நடித்த சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில், 43 வயதில், குடல் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த இடத்துக்கு வேறு நடிகரைக் கொண்டுவராமல், அந்த இழப்பிலிருந்தே கதையைத் தொடங்கினார் இயக்குநர் ரையன் கூக்ளர். அதற்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இந்த முறை அழவில்லை. அதனால் படத்தோடு சண்டை போட முடிந்தது.

கடலுக்கடியில் வாழும் அரசன் நேமோர் தன் கதையைச் சொல்லி முடித்ததும் பையன் கேட்டான்: "அத்தை, அவன் சொல்றது சரிதானே? அப்புறம் ஏன் அவன் வில்லன்?"

எனக்கும் அதே கேள்விதான். 16-ஆம் நூற்றாண்டில் யுகாட்டான் பகுதியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அம்மை நோயில் மாயா மக்கள் சாகிறார்கள். தப்பிக்க வேண்டி கடலடிச் செடி ஒன்றை உட்கொள்கிறார்கள். நிலத்தில் மூச்சுவிட முடியாமல் போய்க் கடலுக்குள் குடியேறுகிறார்கள். அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைதான் நேமோர். அம்மா இறந்ததும், அவள் ஆசைப்பட்டபடி சொந்த மண்ணில் புதைக்கக் கரைக்கு வருகிறான். அங்கே தன் இனத்து மக்கள் ஸ்பானியர்களின் பண்ணையில் அடிமைகளாக அடிபடுவதைப் பார்க்கிறான். அந்தக் காட்சியில், நேமோராக நடித்த டெனோச் ஹுவெர்டாவின் குரல் உயரவே இல்லை. நானூறு வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருப்பவன் அப்படித்தான் பேசுவான்.

காமிக்ஸில் நேமோர் அட்லாண்டிஸின் அரசன், 1939 முதல் இருப்பவன். அவனை எடுத்து மாயா மொழி பேசும் தலோகான் என்ற கடலடி நாட்டின் அரசனாக்கியது இந்தப் படம். இவ்வளவு ஆழமாக ஒருவனைப் படைத்துவிட்டு, பிறகு ரிரி என்ற கல்லூரி மாணவியைக் கொன்றே ஆக வேண்டும் என்று அவனைப் பிடிவாதம் பிடிக்க வைக்கிறார்கள். அவள் செய்த தப்பு, இந்த இரண்டு நாடுகளின் பலமான வைப்ரேனியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்தது. கடலைத் தோண்ட வந்தவர்கள் அமெரிக்கர்கள். மாலியில் வகாண்டாவின் மையத்துக்குள் ஆயுதத்தோடு நுழைந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களை அனுப்பிய அரசுகளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஒரே எதிரிக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த இரண்டு ஜனங்கள்தான் கடைசியில் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு சாகிறார்கள். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, அவனை முழுக்க நல்லவன் என்று சொல்ல வாயும் வரவில்லை. வகாண்டாவின் தலைநகரை வெள்ளத்தில் மூழ்கடித்து, ஷூரியின் அம்மா ராணி ரமோண்டா சாகக் காரணமாகிறான். தாயின் உடலருகே இருக்கும் ஷூரியிடம், இறந்தவர்களைப் புதையுங்கள், துக்கம் காத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் திரும்பி வருவேன் என்கிறான். துக்கம் என்றால் என்ன என்று இவ்வளவு தெரிந்தவனே இதைச் செய்கிறான் என்பதுதான் வலிக்கிறது.

ஷூரியிடமும் எனக்கு இதே தடுமாற்றம்தான். தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்தில் அண்ணனைக் காப்பாற்றப் பதறும்போது, ஷூரியாக நடித்த லெட்டீஷியா ரைட்டின் முகத்தை மறக்க முடியாது. ஒரு வருஷம் கழித்து ஆற்றங்கரையில் அம்மா துக்க உடையை எரிக்கச் சொல்கிறாள். அண்ணனை நினைத்து உட்கார்ந்தால் இந்தத் துணியை அல்ல, உலகத்தையே எரித்துவிடுவேன் என்கிறாள் ஷூரி. என் பீரோவில் அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டை இன்னும் மடித்தபடியே இருக்கிறது. அவள் சொல்வது எனக்குப் புரிகிறது.

அப்புறம் நேமோர் தந்த காப்பு. அவன் அம்மாவுடையது. அதில் இருந்த செடியின் நாரை வைத்துத்தான் ஷூரி, பிளாக் பாந்தருக்குச் சக்தி தரும், அழிந்துபோன மூலிகையை மறுபடி உண்டாக்கி பிளாக் பாந்தர் ஆகிறாள். மூலிகையைக் குடித்ததும் அம்மாவோ அண்ணனோ வருவார்கள் என்று பார்த்தால், முதல் பாகத்தின் வில்லன் கில்மாங்கர் வந்து நிற்கிறான். அவள் மனசுக்குள் உண்மையில் யார் இருக்கிறார் என்று காட்டிய அந்தக் காட்சிதான் படத்திலேயே எனக்கு ஆகப் பிடித்தது.

அங்கிருந்து கவசங்களும் கப்பல் சண்டையும் நீண்டுகொண்டே போகின்றன. நேமோரின் கழுத்தில் ஈட்டியை வைத்த ஷூரி, அம்மாவை நினைத்த மாத்திரத்தில் அவனை விட்டுவிடுகிறாள். விட்டது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அவ்வளவு கோபம் சில நொடிகளில் இறங்காது. எனக்கு இன்னும் இறங்கவில்லை. சண்டையில் பத்து நிமிஷத்தைக் குறைத்து, அவள் மனசு மாறுவதற்கு அந்த நேரத்தைக் கொடுத்திருக்கலாம்.

கடைசியில் ஹைட்டி கடற்கரையில் அந்த வெள்ளை உடையை எரிக்கிறாள். போஸ்மனின் முகம் சத்தமில்லாமல் வந்து போகிறது. பிறகு அண்ணனின் காதலி நக்கியா ஒரு சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். இறந்த அண்ணனின் மகன். ஷூரி அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தியேட்டரில் பார்த்தபோது எங்கள் பையன் அந்த இடத்தில் எதுவும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டான்.

"அப்போ ஷூரி அவனுக்கு அத்தையா?"

"ஆமாடா, அத்தைதான்."

"அவனை வகாண்டாவுக்குக் கூட்டிட்டுப் போவாளா?"

"அவனுக்கு வரணும்னு தோணும்போது வருவான். அதுவரைக்கும் இவ போய்ப் பார்த்துட்டு வருவா" என்றேன்.