திருமலையில் இருந்தே நெட்வேர்க் செக்கியூரிட்டி கைபழக

நெட்வேர்க் செக்கியூரிட்டி என்றாலே கொழும்புக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்று திருகோணமலையில் இன்னும் சொல்கிறார்கள். சான்றிதழுக்கு என்றால் சரி, போங்கள். கை பழக 8 ஜிபி ரேம் உள்ள லேப்டொப் ஒன்று போதும். நான் உவர்மலையில் வீட்டில் இருந்தபடிதான் பழகினேன்.

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸைப் போட்டு, அதற்குள் தாக்கிப் பார்க்கும் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் ஒன்று, மெட்டாஸ்ப்ளொய்ட்டபிள் 2 ஒன்று ஏற்றுங்கள். பின்னது வேண்டுமென்றே ஓட்டைகளோடு விடப்பட்ட பழைய லினக்ஸ். பைல் 1 ஜிபிக்கும் குறைவு, 512 எம்பி ரேமிலேயே ஓடும். காளிதான் பெரிது. இரவு டேட்டாவில் ஒருவர் இறக்கினால் மற்றவர்கள் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் ஹோஸ்ட் ஒன்லி, அதாவது லேப்டொப்புக்குள் மட்டும் ஓடும், நெட்வேர்க்கில் வையுங்கள். பிரிட்ஜ் முறையில் விட்டால் அந்த ஓட்டைப் பெட்டி வீட்டு வைஃபையில் இருக்கிற எல்லோருக்கும் திறந்து கிடக்கும்.

இதற்குப் பிறகு பலர் செய்வது என்ன? யூடியூப் பார்த்து காளியில் உள்ள மெட்டாஸ்ப்ளொய்ட் என்ற தாக்குதல் கருவியில் நாலு வரி அடித்து, ரூட் (முழு அதிகாரம்) கிடைத்ததும் ஸ்கிரீன்ஷொட்டை ஸ்டேட்டஸில் போடுவது. அதில் படித்தது எதுவும் இல்லை. தாக்கும்போதே, நெட்வேர்க்கில் போய்வருவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, என்ன போனது, என்ன வந்தது என்று பக்கெட் பக்கெட்டாக (தரவுத் துண்டு துண்டாக) பாருங்கள். படிப்பு அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் உள்ள விஎஸ்எஃப்டிபிடி 2.3.4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல், பைல் பரிமாறும் இந்த எஃப்டிபி சேர்வரின் டவுன்லோட் பைலுக்குள் யாரோ பின்கதவு ஒன்றைச் செருகிவிட்டார்கள். பயனர்பெயரில் இரட்டைப்புள்ளியும் மூடும் அடைப்புக்குறியும், அதாவது மெசேஜில் நாம் போடும் சிரிப்பு முகம், வந்தால் போதும். 6200ஆம் போர்ட் (நெட்வேர்க் வாசல்) திறந்து, ரூட் அதிகாரத்தோடு கட்டளை அடிக்கும் ஷெல் கிடைக்கும். வயர்ஷார்க்கில் எஃப்டிபியின் 21ஆம் போர்ட் உரையாடலைத் திறந்தால் அந்தச் சிரிப்பு அப்படியே தெரியும். எஃப்டிபி எதையும் மறைக்காது, கடவுச்சொல்லைக்கூட. அதை ஏன் கைவிடச் சொல்கிறார்கள் என்று அதன்பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

அப்புறம் கட்சி மாறுங்கள். மெட்டாஸ்ப்ளொய்ட்டபிளில் ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் ஃபயர்வோல் கொண்டு 6200க்கு வருவதை ட்ரொப் செய்துவிட்டு (பதில் சொல்லாமல் தூக்கிப்போடச் செய்து) அதே தாக்குதலை மறுபடி நடத்துங்கள். இணைப்புக் கேட்கும் சின் பக்கெட் திரும்பத் திரும்பப் போகும், பதிலே வராது. ட்ரொப்பை ரிஜெக்ட்டாக மாற்றினால் ஐசிஎம்பி என்ற அறிவிப்புப் பக்கெட்டில் மறுப்பு வரும். எந்த விதியும் இல்லாமல் சும்மா மூடியிருக்கிற போர்ட்டோ ஆர்எஸ்டி என்ற துண்டிப்புப் பக்கெட்டை அனுப்பும். போர்ட்களைத் தேடிப்பார்க்கும் என்மேப் ஒன்றை 'குளோஸ்ட்' என்றும் இன்னொன்றை 'ஃபில்டர்ட்' என்றும் ஏன் காட்டுகிறது என்று இன்டர்வியூவில் என்னிடம் கேட்டார்கள். மனப்பாடம் எதுவும் தேவைப்படவில்லை, பார்த்ததைச் சொன்னேன்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போனால் கெஸ்ட் ஹவுஸ் வைஃபைகளைக் கண்டு கை துறுதுறுக்கும். வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். எதையும் சேதப்படுத்தியிருக்க வேண்டும் என்றில்லை. முதலாளி தெரிந்த அண்ணன்தான் என்றாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

லினக்ஸ் கட்டளைகளிலேயே தடுமாறுகிறவர்கள் முதலில் ஓவர்தவயர் தளத்தின் பண்டிட் என்ற கட்டளைப் பயிற்சி விளையாட்டை முடித்துவிட்டு வாருங்கள். 2220ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக எழுத்து மட்டும்தான் போய்வரும், டேட்டா தின்னாது. சிக்னல் இரண்டு கோடு காட்டினாலும் சமாளிக்கும். விடைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு லெவலில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டாலும் அவற்றைத் திறக்காதீர்கள்.