மாடி வீடும் ஒரு லட்ச ரூபாய் அட்வான்ஸும்

மடிப்பாக்கத்தில் அப்பா கட்டிய வீட்டின் மாடியை முதன்முறை வாடகைக்கு விட்டபோது, வந்தவரிடம் நான் கேட்டவை இரண்டே கேள்விகள்: எங்கே வேலை, வீட்டில் எத்தனை பேர். மாதம் 14,000 ரூபாய் வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ் என்று பேசி முடித்து, அந்த ஒரு லட்சத்தை மறுவாரமே மகளின் கல்லூரிக் கட்டணமாகக் கட்டிவிட்டேன். அது வட்டியில்லாமல் வாங்கிய கடன் என்பது, பதினோராவது மாதத்தில் அவர் மாற்றலாகிப் போவதாகச் சொன்னபோதுதான் உறைத்தது. மனைவியின் வளையல்களை அடகு வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சாவியைக் கொடுத்த அன்று மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளாததால், அடுத்து வந்த மின்கட்டணமும் என் தலையிலேயே விழுந்தது.

இரண்டாம் முறை, வாடகைக்கென்று தனியே ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கினேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. எனவே 15,000 ரூபாய் வாடகைக்கு 45,000 மட்டும் வாங்கி, அதை அப்படியே வைப்புநிதியில் போட்டுவிடுவதென்று முடிவு செய்தேன்.

வருமான வரிக் கணக்கு நான் அஞ்சிய அளவுக்குச் சிக்கலாக இல்லை. ஆண்டு வாடகை 1,80,000 ரூபாயில் நான் கட்டிய சொத்துவரி 3,600 போக 1,76,400. அதில் 30 விழுக்காடான 52,920 ரூபாயைச் சட்டமே கழித்துக்கொள்ள விடுவதால், மீதி 1,23,480 ரூபாய்தான் என் வருமானத்தில் சேரும். ஆனால் வெள்ளையடிக்க ஆன 38,000 ரூபாயைத் தனியாகக் கழிக்க வழியில்லை என்று ஆடிட்டர் சொன்னபோது மனம் ஆறவில்லை. பழுதுபார்ப்பு முழுவதும் அந்த 30 விழுக்காட்டுக்குள் அடக்கமாம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினமாக இருந்தது. சம்பளச் சீட்டையும் ஆதார் நகலையும் எவரும் தயங்காமல் தந்துவிடுகிறார்கள். அவற்றைக் கொண்டு வாடகை கொடுக்க முடியுமா என்று அறியலாமே தவிர, கொடுப்பாரா என்று அறிய முடியாது. தரகர் அழைத்துவந்த ஒருவரைப் பற்றி அவருடைய அப்போதைய வீட்டுக்காரர் தங்கமான மனிதர் என்று புகழ்ந்தார். காலி செய்தால் போதும் என்றிருப்பவரும் அப்படித்தான் புகழ்வார் என்று தோன்றியதால், அதற்கு முந்தைய வீட்டுக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாமே போய் நின்று கேட்டால் கொடுப்பார் சார்" என்றார். சாதியும் சாப்பாட்டுப் பழக்கமும் விசாரிக்கும் வீட்டுக்காரர்கள் இந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்வதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பிறகு வந்த தம்பதியில் அந்தப் பெண், மே மாதத்தில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டு, மோட்டாரைப் போடச் சொல்லிப் பார்த்து, குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். நான் அவர்களை விசாரிப்பதைவிட அவர்கள் என்னைக் கூர்மையாக விசாரித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு வீட்டுக்காரர்களிடமும் பேசிய பின் ஒப்பந்தம் எழுதி, 90 நாள் கெடு முடியுமுன் வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தோம். குடிவந்த காலையில் மீட்டர் காட்டிய எண்ணை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே சாவியைக் கொடுத்தேன்.